விலையும் கடனும்

நாற்சக்கர ஊர்தி வைத்திருப்போர் எவரும் தப்ப முடியாத செலவு ஒன்று உண்டு. ஓடிய தூரத்திற்கு ஏற்ப டயர்கள் தேய்ந்துபோகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியன வாங்கியாக வேண்டும். சிறிய கார் ஒன்றுக்கு நான்கு டயர்களையும் ஒரே நேரத்தில் மாற்றுவதென்றால், நடுத்தரக் குடும்பம் அதற்கெனத் திட்டமிட்டுப் பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது. முன்னாளில் இதில் தெரிவு என்பது பெரிதாக இருந்ததில்லை. ஊரிலோ அடுத்த நகரிலோ உள்ள டயர் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் சொன்ன விலையில் நூறோ இருநூறோ குறைத்துக் கேட்டோம். அவர் காட்டிய டயரை வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு திரும்பினோம். இன்றோ கைப்பேசியில் அளவைக் குறிப்பிட்டதும் பல கம்பெனிகளின் டயர்கள் தத்தம் விலைகளோடு வரிசையாக வந்து நிற்கின்றன. உள்ளூர்க் கடையில் கேட்ட விலையைவிட அங்கே சில நூறு ரூபாய் குறைந்திருப்பதும் உண்டு.

எங்கே வாங்குவது? இது பணப்பையைச் சார்ந்த கேள்வி. இதில் மனச்சான்றுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஆனால் ஒருவரின் கையிலிருந்து மற்றொருவரின் கைக்கு மாறும் எந்தப் பொருளும் இருவருக்கிடையே ஓர் உறவை ஏற்படுத்தியே மாறுகிறது. உறவு உள்ள இடத்தில் நீதி பற்றிய கேள்வியும் எழுந்தே தீரும். வள்ளுவர் வணிகருக்குரிய ஒழுக்கத்தை அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தே பேசுகிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வணிகம் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் கருத்து. எனவே, வாங்குவதும் விற்பதும் அறத்திற்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் நம் மண்ணுக்கு உரியதன்று.

நம் கேள்விக்கு இரு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ‘என் பணம், என் விருப்பம்; எங்கே மலிவோ அங்கே வாங்குவேன்’ என்பது ஒன்று. ‘உள்ளூர்க் கடையை விட்டு வெளியே வாங்குவது ஊருக்குச் செய்யும் துரோகம்’ என்பது மற்றொன்று. முதல் விடை விற்பவரை மறந்துவிடுகிறது. இரண்டாம் விடை, வாங்குபவரும் வறியவராக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறது. இரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, விற்கப்படும் பண்டத்தையே முதலில் பார்ப்போம்.

டயர் என்னும் பண்டம்

புத்தகம் ஒன்றை அஞ்சலில் வரவழைத்தால், அது வீட்டு வாசலுக்கு வந்ததும் வணிகம் முடிந்துவிடுகிறது. பிரித்துப் படிக்கலாம். டயர் அவ்வாறு அன்று. வாசலில் வந்து இறங்கும் டயர் பயனற்ற ஒரு ரப்பர் வளையமே. பழைய டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். வால்வை மாற்ற வேண்டும். புதியதை ஏற்றிக் காற்று அடிக்க வேண்டும். சக்கரத்தைச் சுழலவிட்டு, எப்பக்கம் கனம் குறைகிறதோ அப்பக்கம் சிறு எடைத்துண்டுகளை ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா என்று அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். இவற்றை எந்தக் கைப்பேசியும் செய்வதில்லை. அதனால்தான் இணையத்தில் டயர் விற்கும் பல நிறுவனங்கள், பணத்தைப் பெற்றுக்கொண்டபின், வாங்கியவரை அவருடைய ஊரிலேயே உள்ள ஏதேனும் ஒரு கடைக்கு அனுப்பி, அங்கே மாட்டிக்கொள்ளச் சொல்கின்றன.

மேலும், டயர் என்பது உயிரோடு தொடர்புடைய பண்டம். சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839ஆம் ஆண்டு ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1888இல் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அன்றுமுதல் இன்றுவரை எத்தனையோ மாற்றங்கள் வந்துள்ளன. எனினும், விரைந்தோடும் காரைச் சாலையோடு பிணைத்திருப்பது நான்கு இடங்களில் ஏறக்குறைய உள்ளங்கையளவு பரப்பே என்னும் உண்மை மாறவில்லை. பிரேக் எவ்வளவு சிறந்ததாக இருப்பினும், மழைநாளில் குடும்பத்தைக் காப்பது அந்த நான்கு உள்ளங்கைகள்தாம்.

அப்பண்டத்தைத் தெரிந்தெடுப்பதற்கு அறிவு வேண்டும். டயரின் பக்கவாட்டில் 185/65 R15 88H என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதன் பக்கவாட்டு உயரம் என்பதைக் குறிக்கும். R என்பது ரேடியல் என்னும் அமைப்பு. 15 என்பது அங்குலக் கணக்கில் ரிம்மின் விட்டம். 88 என்னும் குறியீடு அந்த டயர் 560 கிலோ எடையைத் தாங்கும் என்பதையும், H என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம்வரை அதற்கு அனுமதி உண்டு என்பதையும் சொல்கின்றன. இவற்றைத் தவிர நான்கு இலக்கங்கள் தனியே ஓரிடத்தில் இருக்கும். 2224 என்று இருந்தால், அந்த டயர் 2024ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர், ஓடாமல் கிடந்தாலும் காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும் பொருளாதலால், இந்த நான்கு இலக்கங்களை அறியாதவர் புதிய டயர் என்று எண்ணிப் பழையதை வாங்கிவிடக்கூடும்.

இவ்வளவையும் இணையத்தில் படித்தறியலாம் என்பது உண்மையே. ஆனால் தேய்ந்த டயரைக் கண்ணால் கண்டு, கையால் தடவிச் சொல்லப்படும் அறிவு வேறு. பட்டன் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களிலும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரத்தில் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மெண்ட் பிசகு. “வெளிப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு சார். அலைன்மெண்ட் பாக்காம புது டயர் போட்டா அதுவும் இப்படித்தான் போகும்” என்று ஒரு கடைக்காரர் சொல்லும்போது, அவர் டயரை விற்கவில்லை, அறிவை வழங்குகிறார். “நாலும் வேண்டாம், இப்ப ரெண்டு போதும், புதுசைப் பின்னாடி போட்டுக்கிடுங்க” என்று அவர் சொல்வதும் அத்தகையதே. புதியவற்றை முன்சக்கரங்களில் போடுவதே சரியென்று பலரும் கருதுகின்றனர். ஆனால், ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்கி வண்டி சுழன்றுவிடாதிருக்க, புதியவற்றைப் பின்னால் போடுவதே நன்று என்பது டயர் நிறுவனங்களின் பரிந்துரை.

ஆகவே, கடையில் நாம் கொடுத்து வந்த விலைக்குள் மூன்று அடங்கியிருந்தன: பண்டம், உழைப்பு, அறிவு. பில்லில் முதலாவது எழுதப்பட்டது. இரண்டாவது சில வேளைகளில் சிறு தொகையாக எழுதப்பட்டது. மூன்றாவது ஒருபோதும் எழுதப்பட்டதில்லை. பண்டத்தில் கிடைத்த இலாபமே மற்ற இரண்டையும் தாங்கி நின்றது. இணைய வணிகம் செய்திருப்பது என்னவெனில், இம்மூன்றில் பண்டத்தை மட்டும் தனியே உருவி எடுத்துக்கொண்டதாகும். எஞ்சிய இரண்டுக்கும் இனி யார் விலை கொடுப்பது? நம் அறநெறிக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

நியாய விலை

விலையின் நீதியைப் பற்றித் திருச்சபையின் சிந்தனை மரபில் முறையாக ஆராய்ந்தவர்களுள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் முதன்மையானவர். தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், வணிகத்தில் நிகழும் ஏமாற்றைக் குறித்து அவர் தனியே ஒரு வினாவை அமைத்துள்ளார். வாங்குதலும் விற்றலும் இரு தரப்பாரின் நன்மைக்காக ஏற்பட்டவை. ஆகவே சுமை ஒருவர் மீதே ஏறிவிடலாகாது என்பது அவருடைய அடிப்படை. நியாய விலை என்பது மயிரிழை பிசகாமல் வரையறுக்கக்கூடியதன்று, அது ஏறத்தாழ மதிப்பிடப்படுவதே என்றும் அவர் ஏற்றுக்கொள்கிறார். அதாவது, ஒரே பண்டம் ஓரிடத்தில் சற்று மலிவாகவும் மற்றோரிடத்தில் சற்றுக் கூடுதலாகவும் விற்கப்படுவதாலேயே எவரும் அநீதி இழைத்தவராகிவிட மாட்டார்.

இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலிவாக வாங்குவது குற்றமன்று. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், வண்டிக்கு வாங்கிய கடனுக்கு மாதந்தோறும் தவணை கட்டுகிறார். நான்கு டயர்களில் அவர் மிச்சப்படுத்தும் இரண்டாயிரம் ரூபாய், அவருடைய வீட்டில் அரிசியாகவோ பள்ளிக் கட்டணமாகவோ மாறுகிறது. அவரைப் பார்த்து ‘உள்ளூர்க் கடையை வாழவைக்கக் கூடுதல் விலை கொடு’ என்று சொல்லும் உரிமை வசதி படைத்தவர்களுக்கு இல்லை. அன்றியும், எல்லாக் கடைகளும் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. விவரம் அறியாதவர் என்று கண்டதும் விலையை ஏற்றிச் சொல்வோரும் உளர். தனியாக வரும் பெண்களிடம் தேவையற்ற வேலைகளைத் தலையில் கட்டுவோரும் உளர். விலை வெளிப்படையாகத் தெரியும் இடத்தை அத்தகையோர் நாடுவதில் வியப்பில்லை. வெளிப்படையான விலை என்பது தன்னளவில் நீதிக்குத் துணை செய்வதே.

குறைந்த விலை எவ்வாறு குறைந்தது என்பது வேறு கேள்வி. நடுவில் இருந்த சில கைகள் நீங்கியதாலும், கடைத்தெரு வாடகை இல்லாததாலும், மொத்தமாகக் கொள்முதல் செய்ததாலும் குறைந்திருந்தால் அது நேர்மையான குறைவு. மாறாக, பெரும் முதலீட்டின் துணையோடு இழப்பிற்கு விற்றுப் போட்டியாளரை அழித்துவிட்டு, பின்னர் விலையை ஏற்றும் எண்ணத்தில் குறைக்கப்பட்டிருந்தால் அது வேறு. இந்த அச்சத்தினாலேயே, அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தை நிறுவனங்கள் தங்கள் தளத்தில் விற்கப்படும் பொருள்களின் விலையில் நேராகவோ மறைமுகமாகவோ தலையிடலாகாது என்று இந்திய அரசு விதித்தது. 2018ஆம் ஆண்டு இறுதியில் மேலும் இறுக்கப்பட்ட அவ்விதிகள் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தன. டயர் வாங்கப் போகும் ஒருவர் இவற்றையெல்லாம் ஆராய்ந்து தெளிய இயலாது. அது அரசின் கடமை. வாங்குபவரின் மனச்சான்று பொறுப்பேற்க வேண்டியது தன் கைக்கு எட்டும் தொலைவில் உள்ள நீதிக்கே.

அவ்வாறு கைக்கு எட்டும் தொலைவில் நிற்பவர், டயரை மாட்டும் தொழிலாளி. 1891ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ஒரு முக்கியமான உண்மையை நிலைநாட்டினார். தொழிலாளியும் முதலாளியும் மனமொத்து ஒரு கூலிக்கு உடன்பட்டுவிட்டார்கள் என்பதாலேயே அக்கூலி நீதியானதாகிவிடாது. சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளி தன்னைத் தாங்கிக்கொள்வதற்கு அது போதியதாகவும் இருக்க வேண்டும் என்பதே அது. தேவையின் நெருக்கடியால் ஒருவர் ‘சரி’ என்று சொல்வதை முழுமையான இசைவாகக் கொள்ள முடியாது. பண்டத்தின் இலாபம் வேறெங்கோ போய்விட்டபின், மாட்டுக்கூலி ஒன்றே கடைக்கு எஞ்சும் வருவாய். வெளியே டயரை வாங்கிவந்து, பழைய நாளின் மாட்டுக்கூலியையே இன்றும் கொடுத்து, அதிலும் ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்பது, வெயிலில் ஜாக்கி ஏற்றிக் கைகள் கறுத்துப்போன ஓர் இளைஞனின் கூலியில் கைவைப்பதாகும்.

கேட்டுவிட்டுப் போவோர்

இனி இன்னும் நுட்பமான நிலை ஒன்றைக் காண்போம். ஒருவர் கடைக்கு வருகிறார். “அண்ணாச்சி, இந்த டயர் இன்னும் எவ்வளவு ஓடும்?” என்று கேட்கிறார். கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து, நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்க்கிறார். பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகளைச் சுட்டிக்காட்டி, பட்டன் 1.6 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் இந்த மேடும் மேற்பரப்பும் ஒன்றாகிவிடும், அதன்பின் ஓட்டலாகாது என்று விளக்குகிறார். நம் ஊர்ச் சாலைக்கு எந்த டயர் பொருந்தும், எது ஓசை குறைவு, எது நீண்ட நாள் உழைக்கும் என்று அரைமணி நேரம் சொல்கிறார். தேநீரும் வருகிறது. வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டயரின் பெயரையும் அளவையும் படம் பிடித்துக்கொண்டு, “பாத்துச் சொல்றேன் அண்ணாச்சி” என்று விடைபெறுகிறார். தெருமுனை திரும்பியதும் அதே டயரைக் கைப்பேசியில் வாங்கிவிடுகிறார். இவர் ஏதேனும் தவறு செய்தாரா?

செய்யவில்லை என்பதற்குச் சில வாதங்கள் உண்டு. கடை திறந்திருக்கிறது, விசாரிப்பவர் எல்லாரும் வாங்கியாக வேண்டும் என்பது எந்தக் கடையிலும் இல்லாத சட்டம். நான்கு இடங்களில் விலை கேட்டு ஒப்பிடுவது வாங்குபவரின் உரிமை. கடைக்காரரும் வந்தவர் வாங்கக்கூடும் என்னும் நம்பிக்கையில்தான் விளக்கினாரே அன்றி, ஈகை உள்ளத்தால் அன்று. அந்த நம்பிக்கை பலிக்காமல் போவது வணிகத்தின் இயல்பான இடர்.

இவ்வாதங்கள் ஒரு நிலைவரை சரியானவையே. இன்னும் முடிவு செய்யாத மனத்தோடு வந்தவர், கேட்டு, ஒப்பிட்டு, பின்னர் வேறிடத்தில் வாங்குவாராயின் அவர் எவருக்கும் அநீதி செய்யவில்லை. கடைக்காரர் ஏற்றுக்கொண்ட இடர் அதுவே. ஆனால், இங்கே வாங்குவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, வாங்குபவர்போல் வந்து அமர்ந்து, அறிவை மட்டும் பெற்றுச் செல்பவரின் நிலை வேறு. அவர் கடைக்காரரின் நம்பிக்கை பலிக்குமா பலிக்காதா என்னும் இடரை ஏற்படுத்தவில்லை; பலிக்கவே முடியாத நம்பிக்கை ஒன்றைத் தம் தோற்றத்தால் வேண்டுமென்றே ஊட்டியிருக்கிறார். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் செயலாலும் பொய் சொல்ல முடியும் என்பது அறநெறி இறையியலின் பாலபாடம். பிறருடைய நேரமும் தேர்ச்சியும் அவருடைய உடைமைகள். உடையவரின் உண்மையான இசைவின்றி அவற்றை எடுத்துக்கொள்வதற்கு நாம் வேறு என்ன பெயர் கொடுப்பது?

நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தில், வாங்குபவரின் இந்த மனநிலையைக் கூர்மையாகப் படம்பிடிக்கும் மொழி ஒன்று உண்டு. கடையில் நிற்கும்போது பொருள் சரியில்லை, சரியில்லை என்று குறைகூறி விலையை இறக்குபவர், அப்பால் சென்றதும் தம் சாமர்த்தியத்தைக் குறித்துப் பெருமை பேசிக்கொள்கிறாராம். ஆமோஸ் போன்ற இறைவாக்கினர்கள் கள்ளத் தராசு பிடிக்கும் விற்பவரைக் கடிந்ததை நாம் நன்கு அறிவோம். வாங்குபவரின் கையிலும் ஒரு கள்ளத் தராசு இருக்கக்கூடும் என்பதை நீதிமொழிகள் நினைவூட்டுகிறது. இன்று நம் உரையாடல்களில், ‘அந்தக் கடையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைத்து வாங்கிவிட்டேன்’ என்பது சாமர்த்தியமாகவே பேசப்படுகிறது.

இதற்கு மாற்று கடினமானதும் அன்று. “அண்ணாச்சி, டயர் வெளியே சொல்லியிருக்கிறேன். நீங்கள்தான் மாட்டித் தரவேண்டும். இப்போது பழையதைப் பார்த்து யோசனை சொல்லுங்கள், அதற்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள்” என்று நேராகச் சொல்லலாம். கடைக்காரர் மறுக்கலாம், அது அவர் உரிமை. ஏற்றுக்கொண்டால், இருவரும் கண்ணோடு கண் நோக்கிச் செய்துகொள்ளும் வணிகம் அது. மறைந்திருந்த மூன்றாவது விலை அங்கே வெளிப்படையாகிறது.

கடைக்காரரின் கடன்

வாங்குபவருக்கு இவ்வளவு சொல்லிவிட்டு விற்பவரை விட்டுவிடுவது நடுவு நிலைமை ஆகாது. மறைந்திருக்கும் குறை, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கக்கூடியதாயின், அதை வெளிப்படுத்த விற்பவர் கடமைப்பட்டவர் என்று அக்குவினாஸ் கற்பிக்கிறார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்றும், இடிந்துவிழும் வீட்டை உறுதியான வீடு என்றும் விற்பதை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். குறை கண்ணுக்குத் தெரிவதாயிருந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், வாய்விட்டுச் சொல்லும் கட்டாயம் இல்லை என்றும் வேறுபடுத்துகிறார். அவர் காலத்துக் குதிரை இன்று டயராகியிருக்கிறது. நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயரைத் துடைத்துப் புதுமெருகேற்றி, அந்த நான்கு இலக்கங்கள் உட்பக்கமாக மறையும்படி மாட்டி அனுப்புவது நொண்டிக் குதிரையை விற்பதற்கு ஒப்பானதே. இணைய விற்பனையாளருக்கும் இதே கடமை உண்டு. கண்ணால் காணாமல் வாங்குபவரிடம் அக்கடமை இன்னும் கூடுகிறது. 2020ஆம் ஆண்டின் இணைய வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவர் யார் என்பதையும், திருப்பி எடுத்துக்கொள்ளும் முறையையும், உத்தரவாதத்தையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று வகுத்திருப்பது இவ்வறத்தின் சட்ட வடிவமே.

வெளியே வாங்கிய டயரை மாட்ட வரும்போது சில கடைக்காரர்கள் சினம் கொள்கின்றனர். அவர்களுடைய மனவருத்தம் புரிந்துகொள்ளத் தக்கது. இதுவரை பண்டத்தின் இலாபம் தாங்கிய கூலியை இனி உள்ளபடியே உயர்த்திக் கேட்பதும் நியாயமே. அதைப் பலகையில் எழுதி எல்லாருக்கும் ஒரே அளவாக வாங்குவது இன்னும் சிறப்பு. ஆனால் தண்டனையாக மனம்போனபடி கூலி கேட்பதும், வேண்டாவெறுப்பாகச் சமன் செய்யாமல் அனுப்பிவிடுவதும் தகா. அந்தச் சக்கரத்தின் மேல் பயணம் செய்யப்போவது ஒரு குடும்பம். வேலையை ஏற்றுக்கொண்டபின், டயர் எங்கிருந்து வந்தது என்பது வேலையின் தரத்தைத் தீர்மானிக்கலாகாது.

‘உள்ளூர்’ என்னும் சொல்லைக் காட்டி வாடிக்கையாளரைக் கட்டிப்போட எண்ணுவதும் சரியன்று. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றி நடந்ததால் புகழப்பட்டனர். உள்ளூரார் என்பதால் அன்று.

அருகிருப்போரும் தொலைவிருப்போரும்

நமக்கு அடுத்திருப்பவர் யார் என்னும் கேள்விக்கு நல்ல சமாரியரின் உவமை தரும் விடை, ஊர் எல்லையைத் தாண்டியது. கிடங்கில் இரவெல்லாம் பொதி கட்டும் தொழிலாளியும், படியேறி வந்து பொருளைத் தரும் இளைஞனும் நமக்கு அடுத்திருப்பவர்களே. குமரி மாவட்டத்து மலையடிவாரங்களில், விடியுமுன்னே எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சிரட்டையில் ஏந்தும் தொழிலாளியும் அவ்வாறே. நாம் கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் அவருடைய கூலி மாறுவதில்லை என்பதும் நம் கவனத்திற்குரியது. ஆகவே, உள்ளூர்க் கடையில் வாங்கிவிட்டதாலேயே நீதியை நிறைவேற்றிவிட்டோம் என்று நிறைவு கொள்ள முடியாது.

எனினும், அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதையும் அக்குவினாஸ் கற்பித்திருக்கிறார். எல்லாரையும் அன்பு செய்யக் கடமைப்பட்ட நாம், நம்மோடு நெருங்கிப் பிணைக்கப்பட்டோர்க்கு முதலில் நன்மை செய்யக் கடமைப்பட்டுள்ளோம். தெருமுனைக் கடைக்கும் நமக்கும் உள்ள பிணைப்பு, விலைப்பட்டியலில் அடங்காதது. இரவு பத்து மணிக்கு ஸ்டெப்னியும் பஞ்சராகி நிற்கும்போது, ஷட்டரைத் தூக்கிவிட்டு வருபவர் அவரே. மழைவெள்ள நாளில் தெருவாசியின் வண்டியைத் தள்ளிவிடக் கடைப்பையனை அனுப்புபவரும் அவரே. அக்கடை அங்கே இருப்பதே ஊருக்கு ஒரு பொது நன்மை. இலாபம் தரும் வாணிகத்தையெல்லாம் வேறிடத்திற்குக் கொடுத்துவிட்டு, இலாபமற்ற அவசரங்களுக்கு மட்டும் எல்லாரும் அதனிடம் வந்தால், ஒருநாள் அந்த ஷட்டர் தூக்கப்படாமலே போகும். அதற்கு எவரும் தனியாகப் பொறுப்பாளி அல்லர். ஆனால் எல்லாரும் அதில் பங்குடையவர்கள்.

இங்கே அக்குவினாஸ் தரும் இன்னொரு நுண்ணிய குறிப்பு வழிகாட்டுகிறது. ஒரு பொருளால் வாங்குபவர் பெரும் பயன் அடைகிறார், விற்பவருக்கோ அதை விற்பதால் தனிப்பட்ட இழப்பு ஏதுமில்லை என்றால், அதைக் காரணமாக்கி விற்பவர் விலையை ஏற்றலாகாது. ஆனால் பயன்பெற்றவர் தாமாகவே முன்வந்து கூடுதலாக ஏதேனும் கொடுக்கலாம், அது அவருடைய பண்பின்பாற்பட்டது என்கிறார். அதாவது, கூடுதலாகக் கேட்பது விற்பவரின் உரிமையன்று. கொடுப்பது வாங்குபவரின் பெருந்தன்மை. வசதியுள்ளவர்கள் உள்ளூர்க் கடையில் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது சட்டமன்று, ஏழையின் மேல் சுமத்தத் தக்கதும் அன்று. இயன்றவர் மனமுவந்து செய்வது. வாங்குதல் வெறும் பொருளாதாரச் செயல் அன்று, அது எப்போதும் ஓர் அறச்செயலும் ஆகும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தியதன் பொருளும் இதுவே.

செய்யத்தக்கவை

சிந்தனை நடைமுறையில் முடிய வேண்டும். விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றமன்று. ஒப்பிட்ட விலையை உள்ளூர்க் கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லி, அவரால் குறைக்க இயலுமா என்று முதலில் கேட்கலாம். பல வேளைகளில் மாட்டுக்கூலி, அலைன்மெண்ட், கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு மிகச் சிறிதாகிவிடும். வெளியே வாங்கத் தீர்மானித்திருந்தால், வாங்குபவர்போல் நடித்து ஒருவரின் நேரத்தைக் கவராதிருக்க வேண்டும். யோசனை கேட்டால் அதற்கு விலை கொடுக்க வேண்டும்; மாட்டக் கொடுத்தால் கூலியில் பேரம் பேசாதிருக்க வேண்டும். எங்கே வாங்கினாலும் அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்து, பில்லைக் கேட்டுப் பெற வேண்டும். விற்பவர்கள் கூலியையும் தயாரிப்பு வாரத்தையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். தேவையில்லாத டயரைத் தேவையில்லை என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு வேண்டும். அவ்வாறு சொன்ன கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வராமற்போவது அரிது.

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் என்றும் பொருள். செய்யக் கடமைப்பட்டது என்றும் பொருள். நம் முன்னோர் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தது எண்ணிப் பார்க்கத் தக்கது. விலை என்பது பில்லில் எழுதப்பட்டு, பணம் கொடுத்ததும் தீர்ந்துவிடுகிறது. எழுதப்படாத கடனைத் தீர்ப்பதற்கோ நமக்கு அதை நினைவூட்ட மனச்சான்றைத் தவிர வேறு கணக்கர் இல்லை. டயரைச் சமன் செய்ய எங்கேனும் ஓர் ஓரத்தில் சில கிராம் எடையை ஒட்டினால் போதும். அதை ஒட்டாமல் விட்டால் முழு வண்டியும் நடுங்குகிறது. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையிலுள்ள நீதியும் அத்தகைய சிறு எடைகளால்தான் சமன்பெற்று ஓடுகிறது.